வடிகிற தண்ணிக்குச் சாதி உண்டு

2015 டிசம்பரில் சென்னை முங்கிக் கிடந்தபோது ஒரு வாசகம் எல்லார் வாயிலும் இருந்தது. 'வெள்ளத்துக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது.' மேடையில் சொன்னார்கள், டி.வி.யில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு அதே வாசகத்தைத் தூசி தட்டி மறுபடியும் எடுத்தார்கள். அடுத்த வெள்ளத்துக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதியை ஒழிக்க இனி நாம் பாடுபட வேண்டாம், நல்ல மழை பெய்தால் போதும் என்று ஆகிவிடுகிறது அல்லவா?

இந்த வாசகத்தை முதலில் சொன்னவர் எந்தத் தெருவில் நின்று சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் வீட்டுக்குள் வந்த தண்ணியை யார் இறைத்தது, சேற்றை யார் அள்ளியது, அள்ளியவர் வீட்டை அன்றைக்கு யார் காயவைத்தது என்றும் தெரிய வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்காது. ஏனென்றால் தண்ணி உள்ளே வந்ததைத்தான் அவர் பார்த்தார். வெளியே போனதைப் பார்க்கவில்லை.

தண்ணி உள்ளே வருவதிலேயே சாதி இருக்கிறது என்பது நமக்குப் புதிதில்லை. ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். ஓடைக்கரை, ஏரியின் கடைக்கோடி, சுடுகாட்டுப் பக்கம், ஆத்துப் பொறம்போக்கு என்று ஊர் வேண்டாமென்று விட்ட மண்ணில்தான் நம் குடிசை. 2015 நவம்பர் 9 அன்று கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடைத் தண்ணி தலித் குடியிருப்புக்குள் புகுந்து உயிர்களை அடித்துக்கொண்டு போனது. அந்த ஓடைக்கு மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும். யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்பதை எழுதிவைத்தது ஓடை அல்ல. இதை நம் தோழர்கள் பலமுறை எழுதியாயிற்று. நான் பேச வந்தது அடுத்த கட்டத்தைப் பற்றி. மழை நின்றுவிடுகிறது, ஆறு இறங்கிவிடுகிறது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணி, அதற்கடியில் ஒரு சாண் சேறு. கேமராக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்த இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

*

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது யோக்கியமில்லை.

நான் வங்கியில் கிளார்க். 2015இல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட முழுசாக முடியவில்லை. அடையாற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு கிளை. டிசம்பர் 1 ராத்திரி ஏறிய தண்ணி தாழ்தளத்தில் இருந்த ரெக்கார்டு ரூமை முழுசாக நிரப்பிவிட்டுத் தரைத்தளத்தில் கவுண்டர் மேசைவரை வந்திருந்தது. ஆறு இறங்கிய பிறகு நாங்கள் போய்க் கதவைத் திறந்தபோது குப்பென்று வந்த நாற்றம் இன்னமும் மூக்கில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணி, சாக்கடைத் தண்ணி, டீசல், அழுகிய காகிதம் எல்லாம் ஒன்றாகக் கலந்த நாற்றம்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுசன்தான். அதட்டிப் பேசினதே இல்லை. "தம்பி, உங்க ஏரியாவுல ஆளுங்க இருப்பாங்கல்ல, ஒரு நாலு பேரைக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார்.

அந்தக் கிளையில் நாங்கள் பதினோரு பேர். பத்துப் பேருக்கும் ஏரியா இருக்கிறது. மயிலாப்பூர் ஏரியா, மாம்பலம் ஏரியா, நங்கநல்லூர் ஏரியா. அந்த ஏரியாக்களிலும் கை கால் உள்ள மனிதர்கள்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் 'ஆளுங்க' என்ற சொல்லுக்கு உரிய ஏரியா ஒன்றே ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற கேஷியருக்கும் தெரியும். என் சாதிச் சான்றிதழ் எந்த ஃபைலில் இருந்ததோ, அந்த ஃபைலும் அப்போது தாழ்தளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஃபைல் ஊறினாலும் அதில் இருந்த எழுத்து அழியவில்லை.

நான் என்ன செய்தேன்? செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். கவிதையாக எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் நான் போனேன். போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நாலு பேரில் ஒருவர் என் சொந்தத் தாய்மாமன். சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை அவருக்கு. "யாருப்பா இவங்கல்லாம்?" என்று மேனேஜர் கேட்டபோது, "தெரிஞ்சவங்க சார்" என்றேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாழ்தளத்துக்குள் இறங்கினார்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த 'தெரிஞ்சவங்க' என்ற சொல்தான் காரணம். பத்து வருசமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததைத் துப்புகிறேன்.

*

ரெண்டு நாள் வேலை. டீசல் பம்பு வாடகைக்கு வந்தது. பம்பு தண்ணியை இழுக்கும், சேற்றை இழுக்காது. காகிதக் கூழும் பிளாஸ்டிக்கும் போய் அடைத்துக்கொண்டால் பம்பு நின்றுவிடும். அப்போது ஒரு ஆள் அந்தக் கறுப்புத் தண்ணிக்குள் கழுத்துவரை இறங்கிக் கையால் துழாவி அடைப்பை எடுக்க வேண்டும். தண்ணி வடிந்த பிறகு சேற்றைப் பாண்டில் அள்ளிப் படியேறிக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. மேலே நாங்கள் வேறொரு வேலை செய்தோம். நனைந்த ரூபாய் நோட்டுகளைக் காயவைத்தோம். ஜெனரேட்டர் வரவழைத்து, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து அடுக்கி, ஃபேனை மெதுவாக வைத்து, கிழியாமல், ஒட்டாமல், சுருங்காமல் காயவைத்தோம். நோட்டைத் தொடுவதற்கு எங்களுக்குக் கையுறை கொடுத்தார்கள்.

மாமாவும் மற்ற மூணு பேரும் மதியச் சாப்பாட்டை வாசப்படிக்கு வெளியே, ஈரத்துணியோடு நின்று சாப்பிட்டார்கள். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, காந்தி படம் போட்ட காகிதத்துக்காக.

மூணாவது நாள் சாம்பிராணி போட்டார்கள். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, மஞ்சத் தண்ணி தெளித்தார்கள். பூஞ்சை நாற்றம் போகவா, வேறு எதுவும் போகவா என்று நான் கேட்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதன் பிறகு சாதி இந்துக்கள் நூற்றியெட்டுக் குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணி ஊற்றினால் சுத்தம், அம்பேத்கர் தொட்டால் அசுத்தம். எங்கள் கிளையில் சாணி இல்லை, ரூம் ஸ்பிரே இருந்தது. தொண்ணூறு வருசத்தில் நாட்டின் வளர்ச்சி அது.

செலவு வவுச்சரை எழுதியவனும் நான்தான். பம்பு வாடகை தனித் தலைப்பு, டீசல் தனித் தலைப்பு, ரசீது ஒட்டியிருந்தது. நாலு மனிதர்களின் ரெண்டு நாள் உழைப்பு, 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் டீ, தேங்காய், சூடத்தோடு சேர்ந்து போனது. பம்புக்குப் பேர் இருந்தது, மாமாவுக்கு இல்லை. என் கையெழுத்திலேயே அப்படிப் போனது.

எட்டாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நிற்க முடியாமல் பெரியாஸ்பத்திரியில் படுத்தார். எலிக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துக்கொண்டார். மூணு வாரக் கூலி போனது. அது எந்த வவுச்சரிலும் ஏறவில்லை.

*

தண்ணியை இறைப்பது, வீட்டைக் காயவைப்பது என்றால் ஏதோ முரட்டு வேலை, மூளை வேண்டாத வேலை என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. கூலிப் பட்டியலிலும் 'அன்ஸ்கில்டு' என்றுதான் எழுதுவார்கள். என் அம்மா ஒப்பந்தத்துக்குத் துப்புரவு வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்ததில் கொஞ்சத்தைச் சொல்கிறேன். இது அறிவா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்ணி நிற்கிற வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் மெயின் கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்தும் இடமே தண்ணிக்குள் இருந்தால் தொடவே கூடாது. மின்வாரியத்து ஆள் வரும்வரை வெளியில்தான் நிற்க வேண்டும். தாழ்தளத்துத் தண்ணியை ஒரே மூச்சில் உறிஞ்சக் கூடாது. சுவருக்கு வெளியே மண் முழுக்கத் தண்ணி ஏறிக் கிடக்கும்போது உள்ளே மட்டும் காலிசெய்தால், வெளி அழுத்தம் சுவரை உள்ளே தள்ளிவிடும். கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, பார்த்து, மறுபடி இறைக்க வேண்டும்.

சேற்றை ஈரத்திலேயே தள்ளிவிட வேண்டும். "டேய், காயறதுக்குள்ள தள்ளிடணும், காஞ்சா கல்லுடா அது" என்று அம்மா சொல்லும். மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வெளியாகக் கழுவ வேண்டும். பாய், மெத்தை, பஞ்சுத் தலையணை எல்லாம் தண்ணியைக் குடித்து வைத்திருக்கும், அவற்றை உள்ளே வைத்துக்கொண்டு வீடு காயாது. ரெண்டு நாளைக்குள் காற்று ஓட வழி செய்யாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு ஊதுபத்தி கொளுத்திப் பிரயோசனமில்லை. செங்கல் சுவர் உள்ளுக்குள் காய வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்தால் உப்புப் பூத்துப் பொரிந்து விழும்.

பிளீச்சிங் பவுடரைச் சேற்றின் மேல் தூவினால் வேலைக்கு ஆகாது. சேற்றில் இருக்கிற அழுக்கே அதன் குளோரினைத் தின்று தீர்த்துவிடும். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. மந்திரி வருகிற வழியில் ரெண்டு பக்கமும் கோலம் மாதிரி வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களே, அது கிருமிக்கு அல்ல, மந்திரிக்கு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. கலந்தால் கிளம்புகிற வாயு நுரையீரலை அரித்துவிடும். வெள்ளம் புகுந்த சம்ப்புக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் மூடியைத் திறந்த உடனே இறங்கக் கூடாது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரை எச்சரிக்கை இருக்கிறது. வாயு கூடும்போது மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் நின்றுவிடும். நாற்றம் போச்சு என்று இறங்கியவன் திரும்ப மாட்டான்.

இத்தனையும் தெரிந்த அம்மாவுக்குப் பேர் 'அன்ஸ்கில்டு'. கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டுகிற எனக்குப் பேர் உத்தியோகஸ்தன்.

அமெரிக்காவில் இதே வேலைக்குத் தனிக் கம்பெனிகள் உண்டு, தரக்கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. வீட்டுக்குள் வந்த தண்ணியை மூணு வகையாகப் பிரிப்பார்கள். சாக்கடை கலந்ததும் ஆற்று வெள்ளமும் மூணாவது வகை. அதற்குக் 'கறுப்புத் தண்ணி' என்று பேர். அதைத் தொடுகிறவன் தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பும் முகமூடியும் போட வேண்டும். ஈரம் உறிஞ்சுகிற எந்திரம் வைத்து, சுவருக்குள் எவ்வளவு ஈரம் பாக்கி என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் அங்கே எல்லாம் சமத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் முங்கியபோது கறுப்பின மக்களின் பேட்டைகள்தான் ஆழமாக முங்கின, மெதுவாக மீண்டன. அந்த வீடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வந்தவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த கூலிகள். பலருக்கு முகமூடி கிடைக்கவில்லை, பலருக்குச் செய்த வேலைக்குக் கூலியே கிடைக்கவில்லை. எந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்திரம் யாருடைய உடலைக் காப்பாற்றுகிறது என்பதை எந்திரம் முடிவு செய்வதில்லை.

*

இப்போது ஹோஸ் பைப்புக்கு வருகிறேன். இந்த விசயத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

தெருவில் மோட்டார் போட்டுத் தண்ணி இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை தண்ணிக்குள் இருக்கும். எல்லாரும் அந்த முனையைத்தான் பார்க்கிறார்கள், 'அப்பாடா, குறையுது' என்கிறார்கள். மறுமுனை எங்கே இருக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். தண்ணி ஆவியாகிப் போய்விடாது. ஒரு தெரு காய வேண்டுமென்றால் இன்னொரு தெரு நனைய வேண்டும். ஒரு குடியிருப்பின் தாழ்தளத்திலிருந்து இறைத்த தண்ணி அதன் பின்பக்கக் கால்வாய்க்குப் போகும். கால்வாய் ஏற்கெனவே விளிம்புவரை நிற்கும். அது பொங்கி யார் வீட்டுக்குள் போகும்? கால்வாய்க்கரையில் இருப்பவர் வீட்டுக்குள். 2015இல் எங்கள் தெருவில் ஆறு இறங்கிய பிறகும் ரெண்டு நாள் தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து வந்த தண்ணி அல்ல அது, மோட்டாரிலிருந்து வந்தது. எங்கள் தெருவுக்கு மோட்டார் வரவில்லை. மோட்டாரின் மறுமுனைதான் வந்தது.

மகத் குளத்தில் குடிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கலந்திருந்தது. நல்ல தண்ணி என்றால் நம்மைத் தொடவிட மாட்டார்கள், நாமாக ஒன்றை வைத்துக்கொண்டால் அதிலும் மலம். அதே தண்ணி சாக்கடையாகி அவர்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் மட்டும், 'உங்க ஏரியாவுல ஆளுங்க இருப்பாங்கல்ல?' குடிக்கிற தண்ணியில் நமக்குத் தீட்டு. வடிகிற தண்ணியில் நமக்கு நூறு சத இட ஒதுக்கீடு. 'தகுதி, திறமை' பேசுகிற எவனும் இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து இதுவரை வழக்குப் போடவில்லை.

2015 டிசம்பரில் பல ஊர் நகராட்சிகளிலிருந்தும் மாநகராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்களை வண்டியேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுக்கவைத்துக் காலையில் தெருத்தெருவாக இறக்கினார்கள். வெறுங்கையோடு சேறு அள்ளுகிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2023 டிசம்பரிலும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து மண்வெட்டி பிடிக்க ஆள் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இந்த நகரத்தில் கை இல்லாமலா போய்விட்டது? கை இருந்தது. அந்தக் கை வேறு சாதிக் கை.

அந்த நாட்களில் என் அம்மாவும் வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் முட்டளவு சேறு. மேஸ்திரி வந்து பேர் வாசித்தார், வராவிட்டால் பேரை எடுத்துவிடுவேன் என்றார். அம்மா நாலு தெரு தள்ளிப் போய் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலைக் கழுவிவிட்டு, ராத்திரி வந்து சேற்றுக்குள் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் குடியிருப்பு மூணு நாளில் காய்ந்தது. எங்கள் வீட்டுச் சுவர் பொங்கல்வரை ஈரமாக இருந்தது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கியது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கை நாங்கள் எங்கள் சுவரின் ஈரத்தில் படித்தோம்.

*

'அப்படியெல்லாம் பொதுவாகச் சொல்லாதே. எத்தனை இளைஞர்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள்? மீனவர்கள் படகோடு வந்து எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள்? பள்ளிவாசலைத் திறந்துவிட்டார்களே!' என்று ஒரு தோழர் சண்டைக்கு வருவார். வரட்டும். அந்த மனிதர்களுக்கு நானும் வணக்கம் சொல்கிறேன், அவர்கள் கொடுத்த சோற்றை நானும் சாப்பிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆயிரம் கை நீண்டதே, பீ கலந்த சேற்றை அள்ள எத்தனை கை நீண்டது? சோறு கொடுப்பது புண்ணியம், கொடுப்பவன் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சேறு அள்ளுவது தொழில், அதற்கென்று ஒரு சாதி இருக்கிறது. இவர்களுடைய மனிதநேயம் இடுப்புக்கு மேலே வேலை செய்கிறது. இடுப்புக்குக் கீழே வர்ணாசிரமம்.

வேறு மாதிரி நடக்கவே முடியாதா? முடியும். 2018 ஆகஸ்டில் கேரளம் முங்கியபோது வீடுகளைச் சுத்தம் செய்ய மாணவர்கள், கட்சிக்காரர்கள், குடும்பஸ்ரீ பெண்கள் என்று கூட்டம் கூட்டமாக மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது சுகாதாரத் துறை. அப்படியும் அந்த நோயில் பலர் செத்தார்கள். கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று எவனும் என்னிடம் கதை சொல்ல வேண்டாம். ஆனால் சேற்றை எல்லாரும் அள்ள முடியும், அள்ளுகிறவனுக்கு மாத்திரை கொடுக்கவும் முடியும் என்பது அங்கே தெரிந்துபோனது. ஒரு மாத்திரை என் மாமாவுக்குக் கிடைத்திருந்தால் மூணு வாரம் அவர் படுத்திருக்க வேண்டியதில்லை.

'சட்டம் இருக்கிறதே' என்பார்கள். 2013ஆம் வருசச் சட்டம் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்கிறது. இறந்தால் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக ஆக்கியது. நல்லது. ஆனால் சாக்கடையே கிளம்பி வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அது சாக்கடையா, வரவேற்பறையா? சட்டத்தின் கண்ணில் மாமா இறங்கியது வங்கியின் தாழ்தளம். மாமாவின் உடம்புக்குத் தெரியும் அது எது என்று. 2020இல் இன்னொன்றும் நடந்தது. துப்புரவுப் பணியாளர் என்ற பேரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்றார்கள். பேர் தூய்மையானது, கை அதே வெறுங்கை.

*

நிவாரணம் வந்த கதையையும் ஒரு பத்தியில் சொல்கிறேன். 2016 ஜனவரியில் குடிசை இழந்தவர்களுக்குப் பத்தாயிரம், தண்ணி புகுந்த மற்ற வீடுகளுக்கு ஐயாயிரம் என்று வங்கிக் கணக்கில் போட்டார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்புக் ஆற்றோடு போனவர்கள், கணக்குச் செயல்படாமல் முடங்கினவர்கள், அடையாள அட்டை கூழாகிப் போனவர்கள், வாடகைக் குடிசை என்பதால் பேரே பட்டியலில் ஏறாதவர்கள் என்று வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் நம் ஜனம், பெரும்பாலும் பெண்கள். 'ப்ரூஃப் இருக்கா' என்று கேட்கிற வாயாக நான் இருந்தேன். எங்கள் கிளையில் ஊறிப்போன பத்திரங்களுக்கு எவனும் ப்ரூஃப் கேட்கவில்லை.

நகரம் காய்ந்ததும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. ஆற்றோரத்தில் இருந்தவர்களை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று பேர்வைத்துப் பெரும்பாக்கத்துக்கு வண்டியேற்றினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரும்பாக்கமும் தண்ணி நிற்கிற ஊர்தான். வேலை இருந்த இடத்திலிருந்தும் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்தும் இருபது கிலோமீட்டர் தள்ளி. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது குடிசைக்காரன் அல்ல. அது மனிதன் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் மத்திய தணிக்கை அறிக்கையே சொன்னது. ஏரியிலும் சதுப்பிலும் மாடி மாடியாகக் கட்டியவர்கள் எவரும் பெரும்பாக்கத்துக்குப் போகவில்லை. தண்ணியை நாம் இறைத்து வெளியே ஊற்றினோம். இறைத்து முடித்ததும் நம்மையும் இறைத்து வெளியே ஊற்றினார்கள். ஹோஸ் பைப்பின் மறுமுனை அதுதான்.

*

தோழர்களே, மாணவ நண்பர்களே, கண்ணீர் வேண்டாம், வேலைக்கு வருவோம். அக்டோபர் பிறந்தால் மழை வரும். அதற்குள் இந்தக் கோரிக்கைகளைத் தெருத்தெருவாகப் பேசியாக வேண்டும்.

மோட்டார் பள்ளத்துக்கு முதலில் வர வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு மோட்டார் போனது, மறுமுனை எங்கே விடப்பட்டது என்பதை வார்டு அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

வெள்ளச் சேறும் வெள்ளத் தண்ணியும் சாக்கடைதான் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அதில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் பூட்ஸ், கையுறை, முகமூடி, தடுப்பூசி, எலிக்காய்ச்சல் மாத்திரை கொடுத்த பிறகே இறக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தால் கூலி நிற்கக் கூடாது.

துப்புரவுத் தொழிலாளியின் சொந்த வீடு காயும்வரை அவரை இன்னொருவர் வீட்டைக் காயவைக்க அழைக்கக் கூடாது. முதல் மூணு நாள் சம்பளத்தோடு விடுப்பு. அந்த மூணு நாளும் நகரம் தன் சேற்றைத் தானே அள்ளட்டும். ஒருமுறை அள்ளினால் பம்புக்கும் கையுறைக்கும் பணம் தானாக வந்துவிடும்.

இன்னொன்று நமக்கு. படித்து மேலே வந்த நமக்கு. அலுவலகத்தில், கல்லூரியில், விடுதியில், 'உங்க ஏரியாவுல ஆளுங்க இருப்பாங்கல்ல?' என்று யாராவது கேட்டால், நானும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: 'ஏன், உங்க ஏரியாவுல இல்லையா?' அதைக் கேட்காமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

மாமா இப்போதும் இருக்கிறார். வயசாகிவிட்டது, அடைப்பு எடுக்கப் போவதில்லை. போன மாசம் அவர் பேத்திக்கு எங்கள் கிளையிலேயே கணக்குத் தொடங்க வந்தார். புதிதாக வந்திருக்கிற மேனேஜர், "யாரு சார், தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், எங்க மாமா" என்றேன். "2015ல இந்தப் பேங்கைக் காயவச்சவரு."